ஐந்து என்று எழுதிய கை

ஏப்ரல் 4, வெள்ளி

மூன்று மாதம் கழித்து டைரியைத் திறக்கிறேன். ஜனவரி காலி, பிப்ரவரி காலி, மார்ச்சில் ஒரு பக்கத்தில் மட்டும் பால்காரரின் நம்பர். கல்லூரியை ஆய்வு செய்ய வந்த குழு போன பிறகும் அந்தக் களைப்பு போகவில்லை.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். நரம்பு அடிபட்டுத் தசை தளர்ந்து போனவர்கள் பதினான்கு பேர் என் நேரடிப் பார்வையில் இருக்கிறார்கள். டிசம்பரில் நான் மாற்றி அமைத்த பயிற்சி முறையைத்தான் அவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஜனவரியில் போட்ட மதிப்பெண்ணையும் இந்த வாரம் போட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பதினோரு பேர் ஏறியிருக்கிறார்கள். முப்பத்தோரு வருடப் பிசியோதெரபி வேலையில் இப்படி ஒரு காலாண்டு எனக்கு வாய்த்ததில்லை. ஜூலையில் சென்னை மாநாட்டில் இதைத்தான் பேசப்போகிறேன்.

எங்கள் மதிப்பெண் எளிது. தசை அசையவே இல்லை என்றால் பூஜ்யம். தன் எடையைத் தானே தூக்கி நிறுத்தினால் மூன்று. நான் கையை வைத்து அழுத்தும்போது கொஞ்சம் தாக்குப்பிடித்தால் நான்கு. என் முழு பலத்தையும் போட்டு அழுத்தியும் அசையாமல் நின்றால் ஐந்து. இதற்கெல்லாம் மிஷின் வந்துவிட்டது. எங்கள் துறையிலும் ஒன்று ஆய்வுக்குழுவுக்குக் காட்டுவதற்காக வாங்கி, பெட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. எனக்கு அது வேண்டாம். என் கை போதும்.

கையைச் சும்மா நம்பிவிடவில்லை. ஒவ்வொரு ஜனவரி இரண்டாம் தேதியும் வீட்டில் இருக்கும் பழைய முள் எடை மிஷினை வகுப்புக்குத் தூக்கிப்போய் மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக் காட்டுவேன். முள் எங்கே நிற்கிறதோ அதை அந்த வருட டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பேன். இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபது, இருபது. இந்த வருடம் ஆய்வுக்குழு வந்த கூத்தில் அது விட்டுப்போனது. இருபது என்று எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். பார்க்காமல் எழுதக்கூடாது என்று மாணவர்களை வறுத்தெடுப்பவள் நானே அப்படிச் செய்யலாமா? கடைசிப் பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

ஊறுகாய் பாட்டிலைத் திறக்க இவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் மூடியை வெல்டிங் வைத்து அனுப்புகிறார்கள் போலிருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

வாசல் பூட்டு திரும்பவில்லை. எண்ணெய் விட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம். தேங்காய் துருவ உட்கார்ந்தால் பாதியில் கை அசந்துவிட்டது. இவர் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். என்னைத் தள்ளிவிட்டு அவரே உட்கார்ந்து துருவினார்.

"ஊரான் கையெல்லாம் சரி பண்றவ, ஒரு தேங்காய்க்குத் தோத்துட்டியே வசு."

"துருவிக்குப் பல்லு மழுங்கிப்போச்சுங்க. புதுசு வாங்குங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன்?"

மத்தியானம் படுத்திருக்கும்போது வலது கட்டைவிரலுக்குக் கீழே சதை தானாகத் துடித்தது. தோலுக்குள் எறும்பு ஓடுவதைப்போல. காபியைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் என்பது எனக்கே அதிகம்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

இறுதியாண்டு மாணவர்களுக்கு வழியனுப்பு விழா. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஆரம்பித்ததில்லை, எந்த வருடமோ எந்தக் குறும்புக்காரனோ ஆரம்பித்துவைத்தது. கடைசி நாளில் ஒவ்வொருவரும் என் முன்னால் கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்க வேண்டும். நான் மணிக்கட்டில் கை வைத்து அழுத்துவேன். கை இறங்காமல் நிறுத்துகிறவருக்கு என் கையால் ஒரு பேனா. பதினைந்து வருடத்தில் மூன்று பேனாதான் கொடுத்திருக்கிறேன். மூவரும் பையன்கள், அதில் ஒருவன் கபடி ஆடுகிறவன்.

இன்று ஒரே நாளில் ஏழு பேனா. ஒல்லிப்பிச்சானாக ஒரு பெண், ஹர்ஷினி, அவள் கையும் இறங்கவில்லை. கூட்டம் கூரை பிய்கிற மாதிரிக் கத்தியது.

"மேடம் விட்டுக்குடுக்கிறாங்கடி! கடைசி நாள்னு பாவம் பார்க்கிறாங்க!"

"ஆமா, உங்களைத் தொலைச்சாப் போதும்னு இருக்கேன்" என்றேன். சிரித்தார்கள். இருந்த பேனா தீர்ந்துபோய் ஜெமீலாவின் பையிலிருந்து இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வருடப் பிள்ளைகள் எல்லோரும் ஜிம்முக்குப் போகிறார்கள்.

ஜெமீலா மட்டும் சிரிக்கவில்லை. இணைப் பேராசிரியை, பன்னிரண்டு வருடமாக என்னோடு இருப்பவள். பேனாவை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள்.

ஏப்ரல் 23, புதன்

வெள்ளிங்கிரி வந்தார், மனைவி சாரதாமணியோடு. ஒண்டிப்புதூர்க்காரர், வயது நாற்பத்து நான்கு, பள்ளிக்கூட வேன் டிரைவர். போன அக்டோபரில் இடுப்பில் டிஸ்க் பிதுங்கி அறுவைசிகிச்சை நடந்தது. வலி போய்விட்டது, ஆனால் நரம்பு நசுங்கியதில் வலது பாதம் தொங்கிவிட்டது. முன்பாதத்தை மேலே தூக்க முடியாமல் வாசல்படியில் தட்டித் தட்டி விழுந்துகொண்டிருந்த மனிதர். ஜனவரியில் மூன்று போட்டேன், மார்ச்சில் நான்கு.

இன்று கட்டிலில் உட்காரவைத்துப் பாதத்தை மேலே தூக்கச் சொல்லி அழுத்தினேன். நன்றாக நின்றது. நாலரை என்று எழுதினேன்.

"மேடம், ஜூன் ரெண்டாம் தேதி பள்ளிக்கூடம் தொறக்கறாங்க" என்றார். "ஓனர் இத்தன நாளா வேற ஆள வெச்சு ஓட்டிக்கிட்டிருக்காருங்க. நீங்க ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் என்னைய ஏத்துவாராமா."

"பாப்போங்க. இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்குதுல்ல?"

"அவரு சும்மா இருக்க மாட்டேங்கறாருங்க" என்று சாரதாமணி ஆரம்பித்தாள். "அந்த வேன் குழந்தைங்களுக்குப் பொறந்தநாளு எப்பன்னு கூட இவருக்குத் தெரியுமுங்க. லீவுன்னு கூடப் பாக்காம அதுங்க வீட்டு வழியாப் போயி நின்னு பாத்துட்டு வர்றாருங்க மேடம்."

வெள்ளிங்கிரி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. ஜூன் இரண்டுக்குள் அவர் காலை ஐந்துக்குக் கொண்டுவருவேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஜெமீலாவோடு சண்டை. சண்டை என்று எழுதுவது அவளுக்குக் கொடுக்கிற கௌரவம். நான் கத்தினேன், அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் சனிக்கிழமை விடுப்பில் இருந்தபோது வெள்ளிங்கிரியை அவள் பார்த்திருக்கிறாள். ரிஜிஸ்டரில் என்னுடைய நாலரைக்குக் கீழே பென்சிலால் மூன்றரை என்று எழுதியிருக்கிறாள். பென்சிலால்! தைரியம் இருந்தால் பேனாவால் எழுத வேண்டும்.

"மூணு நாள்ல ஒரு மார்க் குறையுமா ஜெமீலா? எனக்குத் தெரியாத வைத்தியமா?"

"குறைஞ்சிருக்காது மேடம். எனக்கு முதல்லயே அவ்வளவுதான் கெடைச்சிருக்கும்னு நெனக்கிறேன்."

"அப்ப என் கை தப்புன்றியா?"

ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "குதிகால்ல நடக்கவெச்சுப் பார்த்தேன் மேடம். எட்டாவது அடியில வலது பாதம் எறங்குது" என்றாள்.

"பயத்துல எறங்கும். விழுந்து பழகின காலு அப்படித்தான்."

பென்சில் எழுத்தை அவளையே அழிக்கச் சொன்னேன். அழித்தாள். நான் கத்தியது வெளியே வராண்டாவரை கேட்டிருக்கும். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தப்பு அவளுடையதுதான்.

மே 3, சனி

பாத்திரம் கழுவும்போது கல்யாண மோதிரம் கழன்று சிங்க்கில் விழுந்தது. இவர் குழாயைக் கழற்றி எடுத்துக்கொடுத்தார். வெயிலுக்கு உடம்பு வற்றுகிறது.

மே 9, வெள்ளி

மாநாட்டுக் கட்டுரையை அனுப்பிவிட்டேன். பதினான்கில் பதினோருவர் என்பது இப்போது பதிமூன்று பேர். படித்துப் பார்த்த கல்லூரி முதல்வர், "இதெல்லாம் நம்ப முடியலையே வசுமதி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

புதுப் பேனா வாங்க வேண்டும். இது வழுக்குகிறது, எழுத்து கோணல்மாணலாக விழுகிறது.

மே 14, புதன்

வெள்ளிங்கிரியின் காலுக்கு ஐந்து.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று மூன்று முறை அழுத்தினேன். மூன்றாவது முறை உடம்பு எடையையும் சேர்த்துப் போட்டேன். பாதம் பாறையாக நின்றது. என் மணிக்கட்டுதான் மடங்கியது. குதிகாலிலும் நடக்கவைத்தேன். பத்தாவது அடியில் முன்பாதம் தரையைத் தொட்டது. "பயப்படாம நடங்க" என்று அதட்டினேன். அடுத்த முறை பன்னிரண்டு அடி போனார். பயம்தான். கை சொன்ன பிறகு கண் எதற்கு?

சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டேன். வாகனம் ஓட்டத் தகுதியானவர். கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி விழுந்தது. இன்னொரு தாளில் மறுபடி எழுதிப் போட்டேன்.

வெள்ளிங்கிரி தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாரதாமணி ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவந்திருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்று வாசல்வரை போனவர் திரும்பிவந்தார். "காலு சில நேரம் லேசா எசகித் தட்டுதுங்க. அது போயிருமுங்களா?"

"அஞ்சுக்கு மேல மார்க்கே இல்லைங்க. நீங்க மனசுலதான் நொண்டறீங்க. தைரியமா ஓட்டுங்க."

"அப்பச் சரிங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க."

நிம்மதியாகப் போனார். எனக்கும் நிறைவாக இருந்தது. கொய்யா நல்ல இனிப்பு. இவர்தான் நறுக்கிக் கொடுத்தார்.

மே 20, செவ்வாய்

ஜாக்கெட் கொக்கி மாட்டவே காலையில் கால் மணி நேரம் ஆகிறது. தையல்காரியை மாற்ற வேண்டும்.

மே 26, திங்கள்

என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள் ஜெமீலா. மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். அலமாரியில் கிடந்த மிஷினை எனக்குத் தெரியாமல் பிரித்திருக்கிறாள். மூன்று வாரமாக என் நோயாளிகள் பதினான்கு பேரையும் அதில் அளந்திருக்கிறாள். அதைத் தன் மேல் அழுத்திப் பார்த்து, எடைக்கல் வைத்துப் பார்த்து, சரியாகக் காட்டுகிறதா என்று வேறு சோதித்திருக்கிறாள்.

ஜனவரி மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்தால் பதினான்கில் இரண்டு பேருக்குத்தான் உண்மையான முன்னேற்றம். மற்றவர்களுக்கு ஒன்றுமே ஏறவில்லை. வெள்ளிங்கிரியின் வலது பாதத்தின் பலம் இடது பாதத்தில் பாதி.

"மேடம், நான் இத யார்கிட்டயும் காட்டல. நீங்க கோபப்பட்டாலும் பரவால்ல. உங்க கைய ஒரு தடவை..."

"வெளிய போ."

"மேடம், உங்க கட்டவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல சதை..."

"வெளிய போ ஜெமீலா!"

போய்விட்டாள். தாளை இரண்டாகக் கிழிக்கப் பார்த்தேன். கிழியவில்லை. கசக்கிக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து நீவி இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

மே 27, செவ்வாய்

வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.

மே 30, வெள்ளி

ஒன்றுமில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் இவர் சர்க்கரை டாக்டரிடம் சொல்வதற்காக எடை பார்த்தார். பரண்மேல் இருந்த பழைய முள் மிஷினை இறக்கித் துடைத்து ஹாலில் வைத்து ஏறி நின்றார்.

"எழுபத்தி ரெண்டு. போன வாரம் கிளினிக்ல பார்த்ததும் அதேதான். கிழட்டு மிஷின்னாலும் சொன்ன சொல்லு மாறாது."

இறங்கிக் குளிக்கப் போய்விட்டார். மிஷின் ஹால் நடுவில் கிடந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு முறை சமையலறைக்குப் போய்வந்தேன். பிறகு அதைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். இடது கையால்தான் தூக்கினேன், இப்போது யோசித்தால் தெரிகிறது.

வகுப்பில் நிற்பதைப்போல நின்றேன். முழங்கை நேராக, மணிக்கட்டு மடங்காமல். வலது உள்ளங்கையால் அழுத்தினேன். உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன்.

எட்டு.

மறுபடி. எட்டு. மறுபடி. ஏழரை.

இடது கை பதினேழு.

நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மேசைமேல் கவிழ்த்துவைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருக்கிறது. வேறு யார் கையாவது இப்படி இருந்தால் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கண்டுபிடித்திருப்பேன். மூடி, பூட்டு, துருவி, பேனா, தையல்காரி என்று ஒவ்வொன்றின் மேலாகப் பழியைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். இந்த டைரியைப் புரட்டினால் எனக்கே சகிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு நோயின் பெயர் இதற்குப் பொருந்துகிறது, ஒரு கையோடு நிற்காத நோய். அதை இங்கே எழுத மாட்டேன்.

நோயாளிகள் ஏறவில்லை. நான் இறங்கிக்கொண்டிருந்தேன். என் கை தளரத் தளர அவர்கள் கால்கள் எல்லாம் எனக்குப் பாறையாகத் தெரிந்திருக்கின்றன. முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவளுக்கு இந்த ஒன்று தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் நாளை என்ன தேதி என்பது நினைவுக்கு வந்தது.

வெள்ளிங்கிரிக்குப் போன் செய்தேன். சாரதாமணி எடுத்தாள்.

"அவரு வண்டிகிட்ட இருக்காருங்க மேடம். காலைல இருந்து கழுவிக்கிட்டே இருக்காரு. நாளைக்கு ஏழே காலுக்கு மொத டிரிப்புங்க. எதுனாச் சொல்லணுமுங்களா?"

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். வாய்வரை வந்தது.

"ஒண்ணுமில்லைம்மா. நான் காலையில நேர்லயே வர்றேன்."

"ஐயோ, நீங்களே வர்றீங்களா? அவருக்குச் சந்தோசம் தாங்காதுங்க!"

நேரில் சொன்னால்தான் முறை. அதனால்தான் போனில் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் பேனா நிற்கவில்லை. மெதுவாகத்தான் வருகிறது.

ஏழு மணிக்கு ஒண்டிப்புதூரில் இருந்தேன். வேனுக்கு மாலை போட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வெள்ளிங்கிரி புதுச் சட்டையில் என் காலில் விழப்போனார். "வேண்டாங்க, வேண்டாங்க" என்று பின்வாங்கினேன். சொல்ல வாயெடுத்தேன், சாரதாமணி சர்க்கரைப் பொங்கலை நீட்டினாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி ஓரடி நகர்ந்து நின்றது.

"நானும் கூட வர்றேன். கால் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பிள்ளைகள் ஏறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முதல் வீடு இரண்டாவது தெருவிலேயே இருந்தது.

"டிரைவர் மாமா வந்தாச்சு!" என்று ஒரு குட்டிப் பெண் ஓடிவந்து ஏறினாள். அடுத்த தெருவில் இரட்டையர்கள். பிறகு ஒருவன், பிறகு ஒருத்தி. ஐந்து பிள்ளைகள் ஏறிய பிறகும் நான் சொல்லவில்லை. இதற்கு எந்தக் காரணமும் எழுதப் போவதில்லை. என்னை நம்பிய முகத்தைப் பார்த்து என்னை நம்பாதே என்று சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான்.

அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போகும்போது பாதத்தைத் தூக்கவில்லை. முழங்காலோடு சேர்த்து மொத்தக் காலையும் தூக்கிவைத்தார். ஆறு மாதத்துக்கு முன் வாசல்படி ஏற அவர் செய்த அதே வித்தை. நிதானமாகப் போகும்போது அது போதும்.

மேம்பால இறக்கத்தில் ஒரு ஆட்டோ திடீரென்று நின்றது.

வெள்ளிங்கிரியின் கால் போனது. ஷூவின் முனை பிரேக்குக்கு அடியில் சிக்கியது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி சிக்கியது. "மேடம்" என்று ஒரு சத்தம் போட்டார்.

ஹேண்ட்பிரேக் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. என் வலது கைக்குப் பக்கத்திலேயே. பிடித்து இழுத்தேன். வரவில்லை. விரல்கள் அதைச் சுற்றி இருந்தன, என் கண்ணெதிரிலேயே இருந்தன, ஆனால் இழுக்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. குறுக்கே திரும்பி இடது கையைப் போட்டு இழுத்தேன்.

ஆட்டோவின் பின்புறம் எழுதியிருந்த பெயரில் பெயிண்ட் எங்கெங்கே வெடித்திருந்தது என்பதுவரை தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றது. ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு குழந்தை பின்பக்கக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தது.

பின்சீட்டில் ஒருவனுக்கு நெற்றியில் வீக்கம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எண்ணி எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர்.

வண்டியை ஓரம் கட்டினார். ஓனருக்குப் போன் போட்டு, இதுவரை ஓட்டிவந்த மாற்று டிரைவரை வரச்சொன்னோம். பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னேன். என் வலது கையைக் காட்டிச் சொன்னேன். உங்கள் காலுக்கு நான் போட்ட ஐந்து பொய், உங்கள் கால் ஏறவில்லை, என் கை இறங்கியது என்று சொன்னேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எனக்குத் தெரியுமுங்க மேடம்" என்றார்.

"என்ன தெரியும்?"

"காலு தட்டுதுன்னு. ஒரு வாரமா வெறும் வண்டிய ஓட்டிப் பார்க்கறப்பவே ரெண்டு வாட்டி தட்டுச்சுங்க. ஆனா நீங்க கைய வெச்சுப் பாத்துட்டு அஞ்சுன்னு சொன்னீங்களே. அத்தன பெரிய படிப்புப் படிச்ச கை சொல்லுதே, அப்ப எங் காலுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கண்ணுகளா, மாமாவுக்குக் காலு இன்னும் நல்லாவல. கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்" என்றார். இரட்டையர்களில் ஒருவன், "எத்தன நாளு?" என்று கேட்டான். வெள்ளிங்கிரி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

மாநாட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தை ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். சர்ட்டிபிகேட்டை ரத்து செய்தேன். பதினான்கு பேரையும் நானே போனில் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றேன். ஒருவர் திட்டினார். ஒருவர் அழுதார். ஒருவர் மட்டும், "எனக்கும் சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு" என்றார். இத்தனை பேருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

வெள்ளிங்கிரி இன்று வந்தார். ஜெமீலா பார்த்தாள். நான் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மிஷினை வைத்தாள், குதிகாலில் நடக்கவிட்டாள், கையாலும் அழுத்தினாள். "அடுத்த வருசம் பள்ளிக்கூடம் தொறக்கறப்போ பாக்கலாங்க. வேகமா ஏறும்னு சொல்ல மாட்டேன்" என்றாள். ஓனர் அதுவரை வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை தருகிறாராம். வெள்ளிங்கிரி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. போகும்போது என் பையைக் கீழேயிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கட்டிலில் நான் உட்கார்ந்தேன். வலது கையை நீட்டினேன்.

"பாரு."

"நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டர் பார்ப்பாரு மேடம். அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்."

"அவரு பாக்கட்டும். முதல்ல நீ பாரு."

மணிக்கட்டைப் பிடித்தாள். ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, அதன் மேல் தன் விரலை வைத்தாள். அழுத்தினாளா என்பதே தெரியவில்லை. விரல் சரிந்தது.

"நாலு மேடம்."

"ஜெமீலா."

தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய் மார்க் போட இந்தத் துறையில ஒருத்தி போதும். உன் கையை நான் நம்பறேன். சொல்லு."

"மூணு" என்றாள். பிறகு அழுதுவிட்டாள். நான் அழவில்லை. ரிஜிஸ்டரை எடுத்துப் புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். வயது ஐம்பத்தேழு. வலது கை, மூன்று. பார்த்தவர், ஜெமீலா. இடது கையால் எழுதியதால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி இருந்தது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் ஊறுகாய் பாட்டிலை நானே அவரிடம் நீட்டினேன். திறந்து கொடுத்துவிட்டு, "என்ன வசு, இன்னிக்கு மூடியைத் திட்டலையா?" என்றார்.

மூன்று நாளாகக் காபி குடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கட்டைவிரலுக்குக் கீழே துடிக்கிறது.